இடுப்பில் எத்தனை கணு?

எங்கள் வீட்டுக் கொல்லை நீளமானது. அடுப்படிக் கதவைத் தாண்டினால் கிணற்றடி, அதையொட்டித் துவைக்கல், அப்புறம் அவரைப் பந்தல், ஒரு கொய்யா, இரண்டு மாமரம், வேலியோரமாகப் பூவரசு, கடைசியில் எருக்குழி. வேலிக்கு அப்பால் வாய்க்கால், வாய்க்காலைத் தாண்டினால் வயல். மாயவரத்திலிருந்து தரங்கம்பாடி போகும் சாலையில் இறங்கி உள்ளே நடக்க வேண்டிய ஊர். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைத் திண்ணையில் போட்டுவிட்டு நான் போய் உட்காருமிடம் அந்தக் கொல்லைதான். எந்தக் காலத்தில் போனாலும் அங்கே எறும்பு இருக்கும்.

அப்பாயி அவற்றை மூன்றாகப் பிரித்து வைத்திருந்தாள். பிள்ளையார் எறும்பு கடிக்காது, கையில் ஏறினால் ஊதி விட்டுவிடலாம். செவ்வெறும்பு கடிக்கும், இடம் பார்த்து உட்கார வேண்டும். முசுறு இருக்கிற மரத்துப் பக்கமே போகக் கூடாது. கட்டெறும்பை மட்டும் எதிலும் சேர்க்க மாட்டாள். "அது சும்மா இருந்தா சும்மா இருக்கும் ஆயி. சீண்டுனாத்தான் புடுங்கும்." இந்தப் பிரிவினையை வைத்துத்தான் வீடு நடந்தது. பால் சட்டி தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்துக்கு நடுவில் நிற்கும். வெல்லப் பானை உறியில் தொங்கும். கைப்பிள்ளையைத் தரையில் போடுமுன் அந்த இடத்தை அப்பாயி உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்ப்பாள்.

சித்தப்பா அப்போது மாயவரத்தில் கல்லூரியில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தார். வருஷக் கடைசியில் ஒவ்வொருவரும் ஒரு பூச்சிப் பெட்டி தயாரித்துக் கொடுக்க வேண்டும். கூடப் படித்தவர்கள் வண்ணத்துப்பூச்சியும் தும்பியும் காண்டாமிருக வண்டும் பிடித்துப் பெட்டியை நிறைத்தார்கள். சித்தப்பா எறும்பை எடுத்துக்கொண்டார். எறும்பின் உடம்பில் ஊசி குத்த முடியாது, சிதைந்துவிடும். அட்டையைச் சிறு முக்கோணமாக வெட்டி, கூர்நுனியில் ஒரு பொட்டு கோந்து தொட்டு, அதில் எறும்பின் மார்பை ஒட்ட வேண்டும். ஊசி இறங்குவது அட்டையின் அகன்ற பக்கத்தில். ராத்திரி குண்டு பல்பு வெளிச்சத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு இதைச் செய்வார். எதிரே உட்கார்ந்து அட்டை வெட்டிக் கொடுப்பது என் வேலை. ஊசியின் கீழ்ப்பகுதியில் இன்னொரு துண்டுச் சீட்டு: ஊர், தேதி, எந்த மரம், எந்த மண். "இந்தச் சீட்டு இல்லேன்னா அது வெறும் செத்த எறும்பு, பாப்பா" என்பார்.

பெயர் கேட்டால் உடனே சொல்ல மாட்டார். மடக்கு லென்ஸைக் கொடுத்து, "பேரு கடைசியில. இடுப்புல எத்தனை கணு? அத மொதல்ல சொல்லு" என்பார். எறும்பின் மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவில் மெல்லிய இடுப்பு இருக்கிறது. சிலதுக்கு அதில் ஒரே ஒரு முடிச்சு. சிலதுக்கு ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு. அதைப் பார்த்துச் சொல்லிவிட்டால் எறும்புக் குடும்பத்தில் பாதி வழி வந்தாயிற்று. அப்புறம் மீசையின் கணுக்கள், அதன் நுனி தடித்திருக்கிறதா, வயிற்றின் முனையில் கொடுக்கு உண்டா, நடக்கும்போது வயிறு எந்தப் பக்கம் சாய்கிறது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் எறும்பு என்றால் சுறுசுறுப்பு, ஒற்றுமை, சேமிப்பு; அவ்வளவுதான். எந்த எறும்பு என்று ஒரு பாடத்திலும் இல்லை. இதை நான் இன்றைக்கும் ஒரு குறையாகவே நினைக்கிறேன். குழந்தைக்கு ஒரு லென்ஸைக் கொடுத்துக் கணுவை எண்ணச் சொல்லியிருந்தால் போதும், சுறுசுறுப்பைப் பற்றி வகுப்பெடுக்கத் தேவையே இருந்திருக்காது.

முதலில் லென்ஸுக்கு அடியில் வந்தது கட்டெறும்புதான், பெரியது என்பதால். இடுப்பில் ஒரு கணு. கம்போனோட்டஸ் கம்ப்ரெஸ்ஸஸ். வாய்க்குள் உருட்டிப் பார்க்க அந்தப் பெயர் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அவரைப் பந்தலில் பூவெடுக்கும் மாதங்களில் இளந்தண்டு முழுக்கக் கறுப்பாக அசுவினி அப்பியிருக்கும். கட்டெறும்புகள் கொடி வழியாக ஏறிப் போய் அசுவினியின் முதுகை மீசையால் தட்டும். தட்டத் தட்டப் பின்பக்கத்தில் ஒரு பளபளப்பான சொட்டு வரும், எறும்பு அதை உறிஞ்சிக்கொள்ளும். செடியின் சாற்றை அசுவினி குடித்து, மிஞ்சிய இனிப்பை வெளியே விடுகிறது. அந்த இனிப்புக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கிறது. பொறிவண்டு ஒன்று அசுவினியைத் தின்ன வந்தபோது ஒரு கட்டெறும்பு தாடையை விரித்துக்கொண்டு அதன்மேல் பாய்ந்ததை அந்தப் பந்தலுக்கு அடியில் உட்கார்ந்துதான் பார்த்தேன். அப்பாயிக்கு இந்த வேடிக்கையெல்லாம் ஆகாது. விடியற்காலையில் பனி ஈரத்தோடு சாம்பலை அள்ளித் தூவிவிட்டுப் போவாள். அவரைக்காய் அவளுக்கு வேண்டும், எனக்கு எறும்பு வேண்டும். அந்த வழக்கு அந்தப் பருவம் முழுக்க நடந்தது.

கட்டெறும்புக்குக் கொடுக்கு கிடையாது. கடித்து, கடித்த இடத்தில் வயிற்றை வளைத்து அமிலத்தைப் பீச்சும். ஃபார்மிக் அமிலம் என்று வேதியியலில் சொல்வது இதைத்தான். ஃபார்மிக்கா என்றால் லத்தீனில் எறும்பு. செவ்வெறும்பின் கதை வேறு. லென்ஸில் பார்த்தால் இடுப்பில் இரண்டு கணு, வயிற்றின் நுனியில் கொடுக்கு. தாடையால் தோலைக் கவ்வி ஊன்றிக்கொண்டு கொடுக்கால் குத்தும். சொலெனாப்சிஸ் ஜெமினேட்டா. வேலைக்காரிகளில் சிலவற்றுக்குத் தலை மட்டும் பெருத்து, நடுவில் வகிடெடுத்து இரண்டாகப் பிரிந்திருக்கும். விதைகளை உடைப்பது அந்தத் தலைக்காரிகள்தான். காரிகள் என்றே சொல்கிறேன். புற்றுக்கு வெளியே நாம் பார்க்கிற வேலையெறும்பு எல்லாமே பெண் என்று சித்தப்பா சொன்ன அன்று எனக்கு உண்டான சந்தோஷம் கொஞ்சமல்ல. ஆண் எறும்பு சிறகோடு பிறந்து, ஒரு மழைக்குப் பறந்து, சில நாளில் செத்துப்போகும்.

வெள்ளம் வந்த ஒரு ஐப்பசியில் வாய்க்கால் கரை தெரியாமல் ஓடியது. வரப்பெல்லாம் மூழ்கியிருந்தது. செங்கல் நிறத்தில் கட்டி கட்டியாக ஏதோ தண்ணீரில் மிதந்து வந்தது. குச்சியை நீட்டப் போன என்னை அப்பாயி பின்னால் இழுத்தாள். அத்தனையும் செவ்வெறும்பு. ஒன்றையொன்று கவ்விப் பிடித்துத் தெப்பமாகி, ராணியையும் குஞ்சுகளையும் நடுவில் வைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. கரையில் எதைத் தொட்டாலும் அதில் ஏறிவிடும். இந்த எறும்பின் சொந்த ஊர் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகள். 16ஆம் நூற்றாண்டில் மெக்சிகோவின் அகபுல்கோவிலிருந்து மணிலாவுக்குப் போன ஸ்பானியக் கப்பல்களில், பாரத்துக்காக ஏற்றிய மண்ணோடு இது ஆசியாவுக்குள் வந்திருக்க வேண்டும் என்று 2015இல் வெளியான ஒரு மரபணு ஆய்வு சொல்கிறது. அதே அமெரிக்காவிலிருந்துதான் மிளகாயும் வந்தது. இரண்டுமே இல்லாத தஞ்சாவூர் வரப்பு ஒன்று ஒரு காலத்தில் இருந்தது என்பதை அப்பாயியிடம் சொன்னால் நம்பியிருக்க மாட்டாள்.

பிள்ளையார் எறும்பு விஷயத்தில் லென்ஸ் ஒரு புதுச் செய்தி சொன்னது. அது ஒரே எறும்பு அல்ல. திண்ணையில் காரணமே இல்லாமல் இங்குமங்கும் தலைதெறிக்க ஓடுவது பாராட்ரெக்கினா லாங்கிகார்னிஸ். அதன் மீசை உடம்புக்குப் பொருந்தாத நீளம். தண்ணீர்ப் பானையடியில் ஊர்வது டாபினோமா மெலனோசெஃபாலம். தலை கறுப்பு, வயிறும் காலும் வெளுத்து, சிமெண்ட் தரையில் கண்ணுக்கே தெரியாது. வாசல் கோலத்துக்கு வருவது மூன்றாவதாக ஒன்று, ஃபைடோலே. அரிசி மாவுக் கோலமாக இருந்தால் காலை எட்டு மணிக்குள் வந்துவிடும், கல்மாவாக இருந்தால் எட்டிப் பார்க்காது. அப்பாயியிடம் போய், உன் பிள்ளையார் எறும்பு பல எறும்பு என்றேன். "எத்தனையா வேணா இருக்கட்டும், எதாச்சும் கடிச்சுதா?" என்றாள். கடிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அவளுடைய பிரிவினை அவள் கேட்ட கேள்விக்குச் சரியான விடை.

ஆனால் என் மனசு முழுக்க முசுறுமேல்தான் இருந்தது. கிழக்குப் பக்க மாமரம் அவற்றின் சொத்து. அந்த மரத்து மாங்காயை நாங்கள் சாம்பலை உடம்பெல்லாம் பூசிக்கொண்டுதான் பறிக்க முடியும். அப்போதும் கழுத்தில் நாலு விழும். சித்தப்பா ஒருநாள் பூவரசங்கிளையை மாமரத்துக் கிளையோடு கயிற்றால் இழுத்துக் கட்டி, முசுறு கடந்து வர ஒரு பாலம் போட்டுக் கொடுத்தார். சில நாளில் பூவரசின் தாழ்ந்த கிளையிலேயே கூடு கட்டத் தொடங்கின. முக்காலியில் ஏறி நின்று கிட்டத்தில் பார்க்க முடிந்தது.

ஓர் இலையின் ஓரத்தைத் தாடையால் கவ்விக்கொண்டு ஒரு முசுறு பின்னங்கால்களை அடுத்த இலையில் ஊன்றி இழுக்கிறது. எட்டவில்லை. இன்னொன்று வந்து முதல் எறும்பின் இடுப்பைக் கவ்விக்கொள்கிறது. அதன் இடுப்பை மற்றொன்று. இப்படி எறும்பாலேயே சங்கிலிகள் தொங்குகின்றன. பக்கத்தில் இன்னொரு சங்கிலி, இன்னொன்று. எல்லாம் சேர்ந்து இழுக்க, பூவரசின் தடித்த இலை மெல்ல மடிந்து வருகிறது. இரண்டு ஓரமும் தொட்டதும் கூட்டுக்குள்ளிருந்து வேறு சில முசுறுகள் வெளியே வருகின்றன, ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு வெள்ளைப் புழு. அது அவற்றின் குழந்தை. புழுவின் தலையை இந்த இலையோரத்தில் தொட்டு, தூக்கி, அந்த இலையோரத்தில் தொட்டு, மறுபடி இங்கே, தறியில் நாடா போய் வருகிற மாதிரி. புழுவின் வாயிலிருந்து பட்டு நூல் வருகிறது. மறுநாள் பார்த்தால் இலைகளுக்கு நடுவில் வெள்ளைத் துணி நெய்திருக்கிறது.

சித்தப்பா அன்றைக்குச் சொன்ன ஒரு விஷயம் எனக்கு இன்றும் நெஞ்சை அடைக்கும். கட்டெறும்பின் புழு வளர்ந்ததும் தன்னைச் சுற்றித் தானே ஒரு பட்டுக் கூடு நெய்து அதற்குள் உறங்கும். மழைக்கு முன்னால் எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது என்கிறோமே, அந்த நீளமான பெரிய 'முட்டை' பெரும்பாலும் இந்தக் கூடுதான். முசுறின் புழுவுக்கு அப்படி ஒரு கூடு கிடையாது. இருந்த பட்டையெல்லாம் வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, அம்மணமாகவே உறங்கி எறும்பாகிறது. காற்றில் விழுந்த ஒரு பழைய கூட்டைப் பிரித்துக் காட்டினார். உள்ளே உறங்கியவற்றின் காலும் மீசையும் மெழுகில் செய்து வைத்த மாதிரி வெளியிலேயே தெரிந்தன.

அதன் பெயர் ஈகோபில்லா ஸ்மராக்டினா. ஈகோபில்லா என்றால் இலைவீடு, அது புரிந்தது. ஸ்மராக்டினா என்றால் மரகதம். செம்மண் நிறத்து முசுறுக்கு மரகதம் எங்கிருந்து வந்தது? சித்தப்பாவுக்கும் அப்போது தெரியவில்லை. கோடை மழை கொட்டி ஓய்ந்த ஒரு காலையில் துவைக்கல்லில் ஒரு பெரிய எறும்பு உட்கார்ந்திருந்தது. வேலையெறும்பைவிட இரண்டு பங்கு நீளம், தடித்த வயிறு, கண்ணாடிச் சிறகு, உடம்பு முழுக்கப் பச்சை. இளந்தென்னங்காயின் பச்சை. சித்தப்பாவைக் கத்திக் கூப்பிட்டேன். கல்லூரிக்குக் கிளம்பிய சட்டையோடு ஓடி வந்து துவைக்கல் முன்னால் மண்டியிட்டார். முசுறின் ராணி. சோடி சேரப் பறந்து, இறங்கி, சிறகை உதிர்க்குமுன் அங்கே தங்கியிருக்கிறாள். இனி ஏதாவது ஓர் இலை மடிப்பில் ஒளிந்து, சாப்பாடு இல்லாமல், முதல் முட்டைகளைத் தனியாகவே இட்டு வளர்த்தாக வேண்டும். பெட்டியில் வைக்க அவருக்கு ராணி தேவைப்பட்டாள். ஆனால் எடுக்கவில்லை. பஸ் போய்விட்டது, அவர் எழுந்திருக்கவில்லை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பக்கம் இதே இனத்தில் வேலையெறும்புகளுக்கே வயிறு பச்சையாக இருக்கும் என்பதைப் பின்னாளில் படித்தேன்.

அந்தப் பூவரசில்தான் எட்டுக் கால் எறும்பையும் கண்டேன். முசுறு வரிசைக்குக் கொஞ்சம் தள்ளி, அதே நிறத்தில், அதே இடுப்போடு ஒன்று நடந்து வந்தது. மீசையை ஆட்டியது. ஆனால் நடை சரியில்லை, நின்று நின்று, தயங்கித் தயங்கி. உண்மையான முசுறு கிட்டே வந்தால் விலகி ஓடியது. லென்ஸ் வைத்து எண்ணினேன். மீசை என்று ஆட்டியது முன்னங்கால். மொத்தம் எட்டு. விரலை நீட்டியதும் இலையிலிருந்து குதித்து நூலில் தொங்கியது. சிலந்தி! மிர்மராக்னே என்னும் குதிக்கும் சிலந்தி அது. முசுறின் வேடம் போட்டுக்கொண்டு முசுறுக்குப் பக்கத்திலேயே வாழ்கிறது. முசுறைக் கண்டு அஞ்சும் குளவியும் பறவையும் இதையும் தொடாது. ஆண் சிலந்திக்குத் தாடை மிகவும் நீண்டிருப்பதால், ஒரு முசுறு இன்னொரு முசுறைத் தூக்கிக்கொண்டு போவதாகத் தோன்றும். இத்தனை அடவும் எங்கள் வேலியோரத்தில், ஒரு சீட்டும் வாங்காமல்.

சித்தப்பா பெயர்களை எடுத்தது கல்லூரி நூலகத்தில் இருந்த ஒரு பழைய ஆங்கிலப் புத்தகத்திலிருந்து: சார்ல்ஸ் தாமஸ் பிங்காம் எழுதி 1903இல் வெளிவந்த, இந்திய எறும்புகளைப் பற்றிய தொகுதி. வீட்டுக்குத் தர மாட்டார்கள் என்பதால் உட்கார்ந்து கையால் நகலெடுத்து வருவார். ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் பெயர் வைத்தவரின் பெயரும் இருக்கும். முசுறுக்குப் பின்னால் ஃபெப்ரீசியஸ், 1775. கட்டெறும்புக்கு ஃபெப்ரீசியஸ், 1787. செவ்வெறும்புக்கும் அவரே, 1804. யார் அந்த ஃபெப்ரீசியஸ் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். டென்மார்க்கில் பிறந்தவர், லின்னேயஸின் மாணவர் என்ற அளவில்தான் சித்தப்பாவுக்குத் தெரியும்.

மீதியை நான் பெரியவளான பிறகு படித்தேன். லின்னேயஸின் இன்னொரு மாணவர் யோஹான் கெர்ஹார்ட் கோனிக். 1768இல் மிஷன் மருத்துவராகத் தரங்கம்பாடிக்கு வந்திறங்கியவர். எங்கள் சாலை போய் முடிகிற அதே தரங்கம்பாடி. அப்போது டேனிஷ்காரர்களின் ஊர். நோயாளிகளைப் பார்த்த நேரம் போக இந்தக் கரையின் செடிகளையும் பூச்சிகளையும் சேர்த்துக் கப்பலில் ஐரோப்பாவுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். அவற்றில் பல பூச்சிகள் ஃபெப்ரீசியஸின் கைக்குப் போய்ப் பெயர் பெற்றன. தஞ்சைப் பகுதிக் கரையானைப் பற்றி 1779இல் கோனிக் ஒரு கட்டுரையே எழுதினார். பள்ளிச் சுற்றுலாவில் டேனிஷ் கோட்டைக்குப் போய் மதில்மேல் உட்கார்ந்து புளிச்சோறு தின்ற நாளில் இதெல்லாம் எனக்குத் தெரியாது. அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால், பீரங்கியைவிட அதிகமாக அந்தக் கடலைப் பார்த்திருப்பேன்.

ஃபெப்ரீசியஸ் முசுறுக்கும் கட்டெறும்புக்கும் ஃபார்மிக்கா என்றே முதல் பெயர் வைத்தார். முசுறு அவருக்கு ஃபார்மிக்கா ஸ்மராக்டினா. 1860இல் லண்டனில் ஃபிரெடரிக் ஸ்மித் அதைத் தனியாகப் பிரித்து இலைவீட்டுக்காரி ஆக்கினார். கட்டெறும்பை அடுத்த வருஷம் வியன்னாவின் குஸ்தாவ் மேயர் கம்போனோட்டஸ் ஆக்கினார். முன்பெயர் மாறிக்கொண்டே போனாலும் பின்பெயர் தங்குகிறது. யார் முதலில் பார்த்து எழுதினார்களோ அவர்களுடைய பார்வை அதில் மிஞ்சியிருக்கிறது.

பெயர் வைத்தவர்களில் எனக்கு அதிகம் பிடித்தவர் ஜெர்டன். தாமஸ் கேவர்ஹில் ஜெர்டன், கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படை மருத்துவர். இந்தியப் பறவைகளைப் பற்றிய பெரிய நூலுக்காக அறியப்பட்டவர். 1851இல் சென்னையிலிருந்து வந்த ஓர் ஆய்விதழில் தென்னிந்திய எறும்புகளுக்கு ஒரு பட்டியல் போட்டார். உயிரோடு அலைந்த எறும்பைப் பின்தொடர்ந்து போனவர் வைத்த பெயர்கள் அவை. மழைக்காலத்தில் எருக்குழியோரம் அணிவகுத்துக் கரையான் வேட்டைக்குப் போகும் கறுப்பெறும்பு லெப்டோஜெனிஸ் புரொசெஷனாலிஸ், ஊர்வலக்காரி. பெரிய கண்ணும் நீண்ட தாடையுமாக எம்பிக் குதித்து இரை பிடிப்பது ஹார்பெக்னாதோஸ் சால்டேட்டர், குதிப்பவள். ஸ்விட்ச் பெட்டிக்குள் குடியிருந்து ஒயரின் மேலுறையை அரிக்கிற பொடி மஞ்சள் எறும்பு டிரைகோமிர்மெக்ஸ் டெஸ்ட்ரக்டர், நாசக்காரி. பட்டுப்போன பூவரசங்கொம்புக்குள் இருந்த ஒல்லி எறும்புக்குத் தலையும் வயிறும் கறுப்பு, நடு உடம்பு சிவப்பு. அது ரூஃபோநைக்ரா, அதாவது சிவப்புக் கறுப்பு. அவ்வளவு சாதுவான பெயருள்ள அது கொட்டினால் அன்றைக்கெல்லாம் கை கடுக்கும். பிங்காம் புத்தகத்தைப் பார்த்து அதன் முன்பெயரைச் சித்தப்பா 'சிமா' என்று எழுதியிருந்தார். பேராசிரியர் அடித்துவிட்டு 'டெட்ராபோனெரா' என்று சிவப்பு மையில் எழுதித் தந்தார். எனக்கு எதுவும் நட்டமில்லை, ரூஃபோநைக்ரா அப்படியே இருந்தது.

தென்னையடியில் இருந்த டயகாம்மாவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சாம்பல் படர்ந்த கறுப்பில், மேனியெல்லாம் நுண்ணிய வரியோடிய பெரிய எறும்பு. புற்றின் வாயைச் சுற்றிக் கோழி இறகு, காய்ந்த குச்சி, செத்த எறும்பின் உடல் என்று வட்டமாக அடுக்கி வைத்திருக்கும். எதற்கு இந்த அலங்காரம் என்று ஒரு பங்குனிக் காலையில் புரிந்தது. விடியற்பனி அந்த இறகில் முத்து முத்தாகத் தங்கியிருந்தது. எறும்புகள் வெளியே வந்து சொட்டுகளைத் தாடையில் ஏந்தி உள்ளே கொண்டுபோயின. மார்க் மோஃபெட் என்னும் ஆய்வாளர் இந்தியாவில் இதைக் கவனித்து 1985இல் எழுதியிருக்கிறார்.

அந்தப் புற்றில் வெள்ளம் புகுந்தபோது டயகாம்மாக்கள் வீடு மாறியதைத் திண்ணையிலிருந்து பார்த்தேன். மற்ற எறும்புகளுக்கு இருக்கும் வரிசை இவற்றுக்குக் கிடையாது. புது இடத்தைக் கண்டுவந்த ஒருத்தி இன்னொருத்தியை மட்டும் கூட்டிக்கொண்டு போகிறாள். பின்னால் வருகிறவள் முன்னால் போகிறவளின் வயிற்றை மீசையால் தொட்டுக்கொண்டே வர வேண்டும். தொடுதல் விட்டுப்போனால் முன்னவள் நின்றுவிடுவாள், பின்னவள் தேடி வந்து தொட்ட பிறகுதான் நடப்பாள். கொண்டுவிட்டுத் திரும்பி வந்து அடுத்தவளைக் கூட்டிப்போவாள். ஊரே இப்படி இருவர் இருவராக இடம் மாறியது. இந்த இனத்துக்கு ராணி என்று தனியாகப் பிறப்பு இல்லை. வேலைக்காரிகளில் ஒருத்தியே சோடி சேர்ந்து முட்டையிடுகிறாள். பிறக்கும்போது எல்லாருடைய மார்பிலும் சிறகின் இடத்தில் இரு சிறு மொட்டுகள் இருக்கின்றன. அவற்றைக் கடித்து நீக்கிவிட்டால் அவள் ஆயுசுக்கும் வேலைக்காரிதான். 1980களின் இறுதியில்தான் ஜப்பானிலும் ஆஸ்திரேலியாவிலும் ஆய்ந்தவர்கள் இதை வெளியே கொண்டுவந்தார்கள். சித்தப்பா பெட்டி செய்த காலத்தில் அது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

அப்பாயி போய்ப் பல வருஷமாகிறது. கொல்லையில் பாதி வீடாகிவிட்டது, கிழக்கு மாமரமும் இல்லை. சித்தப்பா மாயவரத்தில் இருக்கிறார், எறும்பு பார்ப்பதை விடவில்லை. தீபகற்ப இந்தியாவின் எறும்புகளுக்கு அஜய் நரேந்திராவும் சுனில் குமாரும் எழுதி 2006இல் வந்த கையேட்டை வாங்கி அனுப்பினேன். அதில் ஓரமெல்லாம் அவர் எழுதிய குறிப்பு. 2022இல் திண்டுக்கல் மாவட்டம் கரந்தமலைக் காட்டையொட்டிய ஊர்களில் அனோப்லோலெபிஸ் கிராசிலிபெஸ் என்னும் மஞ்சள் எறும்பு பெருகியபோது ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டார். ஆடுமாடுகளின் கண்ணில் அமிலம் படுகிறது, ஜனங்கள் காட்டுக்குள் போக அஞ்சுகிறார்கள் என்று செய்தி வந்துகொண்டிருந்தது. கிறிஸ்துமஸ் தீவில் செந்நண்டுகளைக் கூட்டங்கூட்டமாகக் கொன்ற அதே எறும்பு. "நம்ம பக்கத்துல எங்க எங்க இருக்குன்னு குறிச்சு வச்சுக்கணும் பாப்பா. இப்பவே பாக்கலேன்னா அப்புறம் பாத்து என்ன" என்றார். அந்த வாரமே வாய்க்கால் கரை முழுக்க நடந்திருக்கிறார்.

இப்போது எங்களுக்குள் ஒரு சண்டை நடக்கிறது. பழைய நோட்டில் தென்னையடி எறும்பை அவர் பிங்காமைப் பார்த்து 'டயகாம்மா ரூகோசம்' என்று எழுதியிருக்கிறார். தெற்கே நாம் காண்பது டயகாம்மா இண்டிகம், 1920இல் ஃபெலிக்ஸ் சான்ச்சி பெயர் வைத்தது என்பது என் கட்சி. சான்ச்சியும் மருத்துவர்தான், துனீசியாவில் நோயாளிகளுக்கு நடுவில் எறும்பைப் பார்த்தவர். சித்தப்பா ஒத்துக்கொள்ளவில்லை. கைப்பேசிப் படத்தில் இடுப்புக் கணுவின் முள் சரியாகத் தெரியவில்லையாம். மார்கழியில் நான் ஊருக்கு வரும்போது தென்னையடியில் புற்று இருந்தால் ஒன்றே ஒன்றை எடுத்து, அட்டையில் ஒட்டி, பக்கவாட்டில் வைத்துப் பார்த்துவிடலாம் என்கிறார். கோந்து வாங்கி வைத்தாயிற்று, முக்கோணம் வெட்ட மட்டும் நான் வர வேண்டுமாம்.